இரட்டை நகரம்: பாளையங்கோட்டை ஏன் இரட்டை, தாம்பரம் ஏன் இன்னும் இல்லை

2019-இல் சென்னையை ஒட்டிய ஆவடி மாநகராட்சி ஆனது; 2021 நவம்பரில் தாம்பரமும் ஆனது. மனை விற்பவர்களுக்கு இது போதாதா? வண்டலூருக்குத் தெற்கே எங்கே நிலம் பார்க்கப் போனாலும் 'இரட்டை நகரத்தின் நடுவே' என்று சொல்ல ஆள் இருக்கிறது. பிள்ளைகளை மேல்படிப்புக்கு அனுப்பும் வீடுகளிலும் இதே சொல் அடிபடுகிறது. அமெரிக்காவின் சாம்பெய்ன்–அர்பானா, கனடாவின் கிச்சனர்–வாட்டர்லூ என்று கோடு போட்ட பெயர்கள் வந்தால், அது ஒரே ஊரா, இரண்டா, எவ்வளவு பெரியது என்று யாருக்கும் பிடிபடுவதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு ஊர்களுக்கும் தனித்தனிக் கடைத்தெரு, தனித்தனிப் பிழைப்பு, தனித்தனிப் பெயர் இருக்க வேண்டும். ஆனால் அன்றாட வாழ்க்கை இரண்டையும் சேர்த்தே நடக்க வேண்டும். அதுதான் இரட்டை நகரம். இதில் கறாரான நிபந்தனை ஒன்று உண்டு: எந்த ஊரும் மற்றதன் புறநகராக இருக்கக் கூடாது. தூரமும் மக்கள்தொகையும் அதற்கு அடுத்தபடிதான்.

முதலில் இரண்டு குழப்பங்களை ஒதுக்கிவிடலாம். சென்னைக்கு அமெரிக்காவின் டென்வர், சான் அன்டோனியோ, ரஷ்யாவின் வோல்கோகிராடு ஆகியவற்றோடு உறவு ஒப்பந்தம் உண்டு. அவை சகோதர நகரங்கள். பிரிட்டனில் அந்த உறவையே 'இரட்டை' என்று சொல்லும் பழக்கம் இருப்பதால் இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்து வரும். அடுத்தது துணை நகரம். மறைமலை நகர், மணலி புதுநகர் எல்லாம் சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டம் போட்டு உருவாக்கியவை. தாய் ஊர் இல்லாவிட்டால் அவை பிறந்தே இருக்காது. இரட்டையர் இருவரும் தம் காலில் நிற்பவர்கள்.

திருநெல்வேலிக்குப் போனால் இது கண்ணாலேயே புரிந்துவிடும். தாமிரபரணியின் மேற்கே நெல்லையப்பர் கோயிலும் ரத வீதிகளும் அல்வாக் கடைகளுமாக டவுன். கிழக்கே கோட்டையை ஒட்டி வளர்ந்த பாளையங்கோட்டை: பள்ளிகள், கல்லூரிகள், மத்தியச் சிறை, ஐகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி. டவுன் வியாபாரத்தில் பிழைக்கிறது, பாளை படிப்பிலும் அலுவலகத்திலும். நடுவே ரயில் வந்த பிறகு எழுந்தது ஜங்ஷன். ஆற்றைக் கடக்க ஓடத்துக்குக் காத்துக் கிடந்த காலத்தில், கலெக்டர் அலுவலகச் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டினார். 1843-இல் திறந்த அந்தப் பாலம் இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. பாலம் இறங்கியதும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகம். 1994 வரை இரண்டும் தனித்தனி நகராட்சிகள்; அந்த ஆண்டுதான் மேலப்பாளையத்தையும் தச்சநல்லூரையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர்ப் பலகை மாறியதே தவிர, ஊர் பேச்சில் டவுன் டவுன்தான், பாளை பாளைதான்.

எப்படிப் பிறக்கின்றன

ஆறு ஒரு காரணம். ராணுவம் இன்னொன்று. 1798-இல் ஹைதராபாத் நிஜாம் ஆங்கிலேயரோடு துணைப்படை ஒப்பந்தம் போட்டதும் அவர்கள் படை தங்க இடம் வேண்டியிருந்தது. உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே எழுந்த பாளையத்துக்கு 1806-இல் அப்போதைய நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரை வைத்தார்கள், அதுவே செகந்திராபாத். ஏரிக்குத் தெற்கே நிஜாமின் ஆட்சி, வடக்கே கம்பெனியின் ஆட்சி. சட்டம், கடைத்தெரு, பேச்சு மொழி எல்லாமே வேறு. 1960-இல் இரு மாநகராட்சிகளையும் இணைத்தார்கள். ராணுவக் குடியிருப்பைப் பார்க்கும் கன்டோன்மென்ட் வாரியம் மட்டும் அதில் சேராமல் தனியாகவே தொடர்ந்தது.

ரயில் தள்ளிப் போனாலும் இரட்டை பிறக்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அர்பானா என்றொரு சிற்றூர். 1854-இல் அங்கே வந்த ரயில்பாதை ஊருக்குள் வராமல் மூன்று கிலோமீட்டர் மேற்கே போய்விட்டது. நிலையத்தைச் சுற்றிக் கடைகள் முளைத்தன, அந்தப் பகுதிக்கு மேற்கு அர்பானா என்று பெயர். 1860-இல் அது சாம்பெய்ன் என்று பெயரை மாற்றிக்கொண்டு தனி ஊராகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே பல்கலைக்கழகம் வந்தது. இன்று அங்கே படிக்கப் போகும் சென்னைப் பிள்ளை சாம்பெய்னில் குடியிருந்து அர்பானாவில் வகுப்புக்குப் போவது சாதாரணம். வழியில் ஒரு தெருவைக் கடக்கும்போது ஊர் மாறியது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

பழைய ஊருக்கு அருகே புதுத் தலைநகரம் வைப்பது (கட்டாக்–புவனேஸ்வர்), பெரிய ஆலை வைப்பது (துர்க்–பிலாய்) ஆகியவையும் வழிகள். மாநில எல்லையே ஊரைப் பிரிப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஆற்றின் ஒரு கரையில் ஃபார்கோ, அது வடக்கு டகோட்டா மாநிலம்; மறுகரையில் மூர்ஹெட், அது மினசோட்டா மாநிலம். பாலத்தைத் தாண்டினால் வேறு சட்டம், வேறு வரி.

ஹுப்பள்ளி–தார்வாட்: கிட்டப் போய்ப் பார்த்தால்

நடுத்தர அளவு இரட்டை நகரத்துக்கு இந்தியாவில் நல்ல பாடம் கர்நாடகத்தின் ஹுப்பள்ளி–தார்வாட். இடைவெளி சுமார் 20 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து பல்லாவரம் போகும் தூரம். ஹுப்பள்ளி வியாபார ஊர்: பருத்தி, மொத்தக் கடைகள், தென்மேற்கு ரயில்வேயின் தலைமையகம், 1,507 மீட்டர் நீள நடைமேடை. தார்வாட் மாவட்டத் தலைநகரம்: கர்நாடகப் பல்கலைக்கழகம், உயர் நீதிமன்ற அமர்வு, இந்துஸ்தானி இசைப் பரம்பரை, பேடா. ஒன்றில் காசு, மற்றதில் காகிதம் என்று சொன்னால் தார்வாட்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் பெரிதாகத் தவறில்லை.

1962-இல் இரண்டையும் ஒரே மாநகராட்சிக்குள் கொண்டுவந்தார்கள். நடுவே வயலும் வெட்டவெளியும் இருந்த காலம் அது. கட்டடம் ஒட்டுவதற்கு முன்பே நிர்வாகம் ஒட்டியது. பிறகு அந்த இடைவெளியில்தான் எல்லாம் வந்தது. நவநகர் என்ற குடியிருப்பு, போலீஸ் கமிஷனர் அலுவலகம், மருத்துவமனைகள், தொழிற்கூடங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வரக் கூடாது என்றால் அலுவலகத்தை நடுவில் வைப்பதுதானே வழி! இரட்டை நகரங்களில் நடுவழி நிலத்துக்கு விலை ஏறுவதன் ரகசியமும் இதுதான்.

2018-இல் இந்தச் சாலையில் விரைவுப் பேருந்து ஓடத் தொடங்கியது. சாலையின் நடுவே பேருந்துக்கென்றே தனித் தடம், நடைமேடை உயரத்துக்கு ஏறும் நிறுத்தங்கள், ஏறுவதற்கு முன்பே சீட்டு. 'சிகரி' என்று பெயர், மான் என்று பொருள். இங்கே கவனிக்க வேண்டியது தொழில்நுட்பத்தைவிட, காலை நேரத்தில் இரு திசையிலும் ஆள் இருப்பதுதான். ஹுப்பள்ளியிலிருந்து மாணவரும் வக்கீலும் தார்வாட் போக, தார்வாடிலிருந்து கடை ஊழியரும் ரயில்வே ஊழியரும் ஹுப்பள்ளி வருகிறார்கள். புறநகர்த் தடத்தில் காலையில் ஒரு பக்கம் நெரிசல், திரும்பும் வண்டி காலி. இரட்டை நகரத் தடத்தில் வண்டி இரு பக்கமும் சம்பாதிக்கும். போக்குவரத்துக் கழகத்துக்கு இதைவிட நல்ல தடம் கிடைக்காது.

இவ்வளவு இருந்தும் தார்வாடில் குறை தீரவில்லை. வார்டுகளில் பெரும்பங்கு ஹுப்பள்ளியுடையது, எனவே பணமும் அங்கேயே போகிறது என்ற புகார் பல பத்தாண்டுப் பழையது. 2025 ஜனவரியில் கர்நாடக அமைச்சரவை தார்வாடுக்குத் தனி மாநகராட்சி என்று முடிவெடுத்தது. 60 ஆண்டு ஒரே நிர்வாகத்தில் இருந்தும் இரண்டு ஊராகவே நினைத்துக்கொண்டார்கள் என்றால், இரட்டைத்தன்மை மாநகராட்சிச் சட்டத்தில் இல்லை என்பது தெரிகிறது. பிரித்த பிறகும் பேருந்தும் மலப்பிரபா ஆற்றுக் குடிநீரும் இரண்டுக்கும் பொதுதான். அவற்றை யார் பார்த்துக்கொள்வது, செலவை எந்தக் கணக்கில் பங்கு போடுவது என்பதுதான் இனி வரும் தலைவலி.

எண்களில் ஏமாறாமல் இருக்க

ஒரு ஊரின் மக்கள்தொகை என்று மூன்று எண்கள் உலவும். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள், கட்டடம் தொடர்ந்து ஒட்டி இருக்கும் நகரத் திரள், திட்டமிடலுக்காக வகுத்த பெருநகரப் பகுதி. சென்னையையே பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் பழைய 174 சதுர கிலோமீட்டர் மாநகராட்சிக்கு 46.5 லட்சம் பேர். நகரத் திரளுக்கு 86.5 லட்சம். மாநகராட்சி இப்போது 426 சதுர கிலோமீட்டர். பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022-இல் 5,904 என்று அறிவிக்கப்பட்டது. ஒருவர் 46 என்பார், ஒருவர் 86 என்பார், இருவரும் பொய் சொல்லவில்லை. எந்தக் கோட்டுக்குள் எண்ணினார்கள் என்று கேட்காமல் இரண்டு ஊர்களை ஒப்பிடவே கூடாது.

கோட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். நம் கணக்கெடுப்பு பார்ப்பது கட்டடத்தை. அடுத்தடுத்த ஊர்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் ஒரே திரள். ஆனால் மாநில எல்லையைத் தாண்டாது. அதனால்தான் தில்லியும் நொய்டாவும் ஒட்டிக் கிடந்தும் கணக்கில் வேறு வேறு. அமெரிக்காவில் பார்ப்பது வேலைக்குப் போகும் ஆளை. ஒரு கவுன்ட்டியில் (நம் மாவட்டம்போல) குடியிருந்து வேலை பார்ப்பவர்களில் கால்வாசிப் பேர் மைய நகரத்துக்குப் போனால், நடுவே சோளக்காடு இருந்தாலும் அது அந்த நகரப் பகுதியில் சேர்ந்துவிடும்.

'மெட்ரோ' என்ற சொல்லும் அப்படித்தான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 243P பிரிவுப்படி பெருநகரப் பகுதிக்குக் குறைந்தது 10 லட்சம் பேர் வேண்டும். ஹுப்பள்ளி–தார்வாட் 2011-இல் 9.43 லட்சம், மயிரிழையில் தவறியது. நெல்லை அதில் பாதிதான். அமெரிக்காவிலோ 50,000 பேர் கொண்ட நகர்ப்பகுதி மையத்தில் இருந்தாலே பெருநகரக் கணக்கு தொடங்கிவிடும். 2020 கணக்குப்படி சாம்பெய்னில் 88 ஆயிரம் பேர், அர்பானாவில் 38 ஆயிரம். சுற்றுப்புறத்தையும் சேர்த்தால்கூட நம் தாம்பரம் மாநகராட்சியைவிடச் சிறியது. பிள்ளை 'மெட்ரோ ஏரியா'வில் இருக்கிறது என்று கேட்டவுடன் தி.நகரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே சிக்கும்

முதல் சிக்கல் எல்லைத் தெரு. ஒரு பக்க நடைபாதை ஒரு ஊருக்கு, மறுபக்கம் இன்னொரு ஊருக்கு என்றால் நடுவில் உள்ள பள்ளத்தை இரண்டு பேரும் மூட மாட்டார்கள். மழைநீர் வடிகால் இன்னும் மோசம். மேட்டில் உள்ள ஊர் கால்வாயை அகலப்படுத்தி முடித்திருக்கும், பள்ளத்தில் உள்ள ஊர் இன்னும் டெண்டரில் இருக்கும். முன்பு ஐந்தடிக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் இப்போது வேகமாக வந்து எல்லையில் ஊருக்குள் ஏறும். சென்னையைச் சுற்றி உள்ளாட்சி எல்லைகளில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலையைத் தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்கினால் பாதிப் பிரச்சினை குறையும்.

இரண்டாவது, வரிக்கான போட்டி. ஒரு தொழிற்சாலையோ பெரிய வணிக வளாகமோ வந்தால் சொத்து வரி எந்த ஊருக்கு? இரண்டும் சலுகை காட்டிக் காட்டி, கடைசியில் வந்தவன் யாருக்கும் உருப்படியாகக் கட்ட மாட்டான். அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் 1971-இல் இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். வணிக, தொழிற் சொத்துகளின் மதிப்பில் அந்த ஆண்டுக்குப் பிறகு ஏறும் வளர்ச்சியில் 40 சதவீதத்தைப் பொதுவில் போட்டு, ஊர்களின் வசதியைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஆலை யார் வீட்டு வாசலில் வந்தாலும் பக்கத்து ஊருக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். அதே ஊர்கள் 1890-இல் யார் பெரியவர் என்ற போட்டியில் மக்கள்தொகைக் கணக்கையே திரித்து, ரயில் நிலையக் கட்டடத்தில் நூற்றுக்கணக்கானோர் குடியிருப்பதாக எழுதி, மறுபடி எண்ண வேண்டி வந்தது!

மூன்றாவது, சமபங்கு வியாதி. அங்கே ஒரு அரங்கம் என்றால் இங்கேயும் ஒன்று. இரண்டும் அரைகுறையாக நிற்கும். பெயரில்கூட சண்டை வரும்.

இதற்கெல்லாம் உலகம் முழுக்க வேலை செய்யும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்: ஊர்களைத் தனியாக விட்டுவிட்டு, எல்லையைத் தாண்டி ஓடுபவற்றை மட்டும் பொது அமைப்பிடம் கொடுப்பது. சாம்பெய்ன்–அர்பானாவில் இரண்டு நகர மன்றங்கள் உண்டு, ஆனால் பேருந்துக்கு ஒரே அமைப்பு. கனடாவில் கிச்சனரும் வாட்டர்லூவும் தனித்தனி நகராட்சிகள். 2019-இல் ஓடத் தொடங்கிய 19 கிலோமீட்டர் இலகு ரயிலை நடத்துவது இரண்டுக்கும் மேலே உள்ள வட்டார நிர்வாகம். ஒரே மாநகராட்சியாக இணைத்துவிடுவது எளிய வழிபோலத் தெரியும், ஹுப்பள்ளிக் கதையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

நீங்களே சோதிக்க

வரைபடத்தைத் திறந்து இரண்டு ஊரின் பழைய கடைத்தெருக்களையும் குறியுங்கள். மாநகராட்சிக் கட்டடத்தைக் குறிக்காதீர்கள், அது எங்கே வேண்டுமானாலும் இருக்கும். தூரம் 3 முதல் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் மேலே போகலாம். அதற்கு மேல் போனால் தினமும் போய்வரக் கட்டுப்படியாகாது, சாம்பெய்ன் இடைவெளிக்கும் கீழே போனால் அவை ஒரே ஊரின் இரண்டு பேட்டைகள்தான்.

அடுத்து மக்கள்தொகை. சிறிய ஊர் பெரியதில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா? இது சட்டம் இல்லை, கைக்கணக்கு. மினியாபொலிஸ் 4.3 லட்சம், செயின்ட் பால் 3.1 லட்சம், கிச்சனர் 2.57 லட்சம், வாட்டர்லூ 1.21 லட்சம். பத்தில் ஒரு பங்கு என்றால் பெரும்பாலும் அது புறநகர்.

பிறகு ஒரு வேலைநாள் காலை 8 முதல் 9 மணி வரை நடுவழி நிறுத்தம் ஒன்றில் நின்று, இரு திசையிலும் போகும் பேருந்துகளில் நின்றுகொண்டு பயணிப்பவர்கள் இருக்கும் வண்டிகளை மட்டும் எண்ணுங்கள். தாளில் இரண்டு பத்தி போதும். மழைநாள், தேர்வுக்காலம், முகூர்த்த நாள் வேண்டாம், கணக்கு கெடும். இரு பத்தியும் ஏறக்குறைய சமமாக வந்தால் இரட்டை. மூன்றுக்கு ஒன்று என்று சாய்ந்தால் இல்லை.

கடைசியாகக் காதைக் கொடுங்கள். பாளையிலிருந்து கிளம்புபவர் 'டவுனுக்குப் போறேன்' என்பார், டவுனிலிருந்து கிளம்புபவர் 'பாளைக்குப் போறேன்' என்பார். இரண்டும் இடப்பெயர்கள். தாம்பரத்தில் பழைய ஆட்கள் இன்னமும் 'சிட்டிக்குப் போறேன்' என்கிறார்கள். பாரிமுனையில் யாரும் தாம்பரத்தைச் 'சிட்டி' என்பதில்லை.

தாம்பரத்துக்கு வாதம் இல்லாமல் இல்லை. 1931-இலேயே கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்துவிட்டது, 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி இடம்பெயர்ந்து வந்தது, விமானப் படைத் தளமும் சானடோரியம் ஏற்றுமதி மண்டலமும் சொந்தப் பிழைப்பைக் கொடுத்தன. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவை சேர்ந்து மாநகராட்சியும் ஆகிவிட்டது. தொழிற்பேட்டைகளும் மென்பொருள் வளாகங்களும் தெற்கே வந்த பிறகு காலையில் செங்கல்பட்டுப் பக்கம் போகும் வண்டியிலும் கூட்டம் ஏறுகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் தாம்பரத்தில் இறங்குபவர் எத்தனை, தாம்பரத்தைத் தாண்டிப் போகிறவர் எத்தனை என்று பிரித்து எண்ண வேண்டும். முதல் எண் பெருகி, கடற்கரைப் பக்கம் போகும் கூட்டத்துக்கு ஈடாகும் நாளில் மனை விற்பவர் சொல்வதை நம்பலாம்.